சிட்டி லைட்ஸ் திரையிடுவது: பிரதி தேடுவதிலிருந்து கடைசி இருட்டு வரை

சார்லி சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' 1931 ஜனவரி 30 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் வெளியானது. அப்போது பேசும்படம் வந்து மூன்று வருடம் தாண்டியிருந்தது. ஹாலிவுட் முழுக்க வசனத்துக்கு மாறிய பிறகும் சாப்ளின் மட்டும் வசனமில்லாமல் ஒரு காதல் நகைச்சுவையை எடுத்துக் கொண்டுவந்தார். 2008இல் அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் தன் நாட்டின் காதல் நகைச்சுவைப் படங்களை வரிசைப்படுத்தியபோது முதலிடம் இதற்குத்தான் கிடைத்தது. கல்லூரி, நூலகம், திரைப்படச் சங்கம் என்று எங்கே போட்டாலும் முதல் பத்து நிமிடத்துக்குள் கூட்டம் சிரிக்க ஆரம்பித்துவிடும். கடைசி மூன்று நிமிடத்தில் யாரும் மூச்சு விடுவதுகூடக் கேட்காது.

ஒழுங்காகத் திரையிட்டால் மட்டும்தான் இது நடக்கும். 'சிட்டி லைட்ஸ்' ஊமைப்படம் என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவதுதான் முதல் தப்பு. ஒலித்தடத்தோடு வெளிவந்த, வசனம் மட்டும் இல்லாத ஒலிப்படம் இது. பாதிக் கதையை இசை சொல்கிறது. மீதிப் பாதியைக் கைகள் சொல்கின்றன, அதாவது பார்வையில்லாத பூக்காரியின் கைகளும் அவளைக் காதலிக்கும் நாடோடியின் (சாப்ளின்) கைகளும். திரையிடலில் முதலில் கெடுவதும் இந்த இரண்டுதான். ஒலி ஒத்துப்போகாது, அல்லது பிம்பத்தின் கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டுக் கைகள் காணாமல் போகும்.

பிரதியைச் சோதிப்பது

இணையத்தில் கிடைக்கும் பிரதிகளில் பாதிக்கு மேல் உதவாதவை. கையில் இருப்பதை நான்கு இடங்களில் பார்த்தால் தெரிந்துவிடும்.

முதலில் நீளம். வினாடிக்கு 24 பிரேம் வேகத்தில் படம் ஏறக்குறைய 86, 87 நிமிடம் ஓடும். உங்கள் பிரதி 83 நிமிடத்தில் முடிந்தால் உடனே வெட்டிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பிய டிவிடிகள் 25 பிரேமில் ஓடுவதால் நான்கு சதவீதம் வேகமாகிவிடும், இசையின் சுருதியும் கொஞ்சம் ஏறும். வேறு வழியில்லை என்றால் அதைப் போடலாம், ஆனால் 24 பிரேம் பிரதி கிடைத்தால் அதுதான் சரி. பழைய படங்கள் வேகமாக ஓடுகின்றன என்று சொல்லி வேகத்தைக் குறைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. இந்தப் படத்தில் அதைச் செய்யவே கூடாது. ஒலித்தடம் இருப்பதால் வேகம் நிலையானது. குத்துச்சண்டைக் காட்சியில் தெரியும் துடிதுடிப்பு சாப்ளின் வேண்டுமென்றே வைத்தது.

இரண்டாவது பிம்பத்தின் அகல-உயர விகிதம். ஒலித்தடத்துக்கு ஃபிலிமின் ஓரத்தில் இடம் விட வேண்டியிருந்ததால் பிம்பம் குறுகி, கிட்டத்தட்ட சதுரமாக, 1.19:1 என்று ஆனது. 1.33:1 பிரதிகளும் உண்டு, அவற்றால் பெரிய நஷ்டமில்லை. தொலைக்காட்சித் திரையை நிரப்புவதற்காக 16:9 ஆக வெட்டிய பிரதியை மட்டும் தொடாதீர்கள். 1.19 பிம்பத்தை 16:9 ஆக்கினால் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பூக்காரி நாணயத்தை அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தும் இடத்தில் ஒன்று தொப்பி வெட்டுப்படும், இல்லையென்றால் கை. கை தெரியாவிட்டால் படமே முடியாது.

இழுத்து அகலமாக்கிய பிரதிகளைக் கண்டுபிடிப்பது எளிது. பூக்காரி அறிமுகமாகும் காட்சியில் நிற்கும் கார்களின் சக்கரங்களைப் பாருங்கள். வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருந்தால் பிரதியிலோ புரொஜெக்டர் அமைப்பிலோ கோளாறு இருக்கிறது.

மூன்றாவது ஒலி. படம் சிலைத் திறப்பு விழாவில் தொடங்குகிறது. மேடையில் பேசும் பிரமுகர்களின் வாயிலிருந்து சொற்களுக்குப் பதில் கீச்சுக்கீச்சென்று ஒரு சத்தம் வரும். பேசும்படங்களை சாப்ளின் அடித்த முதல் கிண்டல் அது. அந்தச் சத்தம் இல்லாமல் ஏதோ பியானோ வாசிப்பு ஓடினால், யாரோ ஒலித்தடத்தை எடுத்துவிட்டு வேறு இசையை ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அந்தப் பிரதி வேண்டாம். இந்தப் படத்துக்கு இசையமைத்தவரே சாப்ளின்தான். பூக்காரி வரும்போதெல்லாம் ஒலிக்கும் மெட்டு மட்டும் ஸ்பானிய இசையமைப்பாளர் ஹோசே பதீயாவின் 'லா வியோலெத்தேரா'. அதற்காக அவர் வழக்குப் போட்டு ஜெயித்தார். இளையராஜாவின் பின்னணி இசையை ஏற்றி ஓட்டிப் பார்க்கும் ஆசை நம்மூரில் பலருக்கு வரும். அந்த ஆசையை ஒலித்தடமே இல்லாத வேறு படங்களில் தீர்த்துக்கொள்ளலாம்.

நான்காவது சாம்பல் நிறங்கள். மோசமான பிரதியில் இரவுக் காட்சிகள் வெறும் கறுப்பாகிவிடும். ஆற்றங்கரையில் பணக்காரர் கல்லைக் கட்டிக்கொண்டு குதிக்க வரும் காட்சியைப் போட்டுப் பாருங்கள். பின்னால் கரையின் கல்சுவர் தனியாகத் தெரிய வேண்டும். 2013இல் கிரைட்டீரியன் வெளியிட்ட ப்ளூரே இந்த விஷயத்தில் நம்பகமானது.

ஒரு விஷயம். வீட்டில் பார்க்க வாங்கிய வட்டு பொதுத் திரையிடலுக்கு அனுமதி ஆகாது. சாப்ளின் படங்களின் உரிமையை ராய் எக்ஸ்போர்ட் நிறுவனம் நிர்வகிக்கிறது. டிக்கெட் இல்லாவிட்டாலும் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

திரையும் புரொஜெக்டரும்

பழைய 4:3 திரை கிடைத்தால் விடாதீர்கள். 8 அடி அகலம், 6 அடி உயரம் உள்ள திரையில் பிம்பத்தின் உயரத்தை 6 அடியாக வைத்தால் அகலம் 7 அடி 2 அங்குலம் வரும், திரை கிட்டத்தட்ட நிறைந்துவிடும். இப்போதைய அகலத்திரையில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். "திரை வீணாகிறதே" என்று யாராவது வந்து ஜூம் பொத்தானில் கை வைப்பார்கள். ரிமோட்டை உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தூரக் கணக்கில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. புரொஜெக்டரின் எறிதூர விகிதம் (திரைக்கும் புரொஜெக்டருக்கும் உள்ள தூரத்தைப் பிம்ப அகலத்தால் வகுத்தால் வரும் எண்) 1.5 என்றால், அதை 7 அடி 2 அங்குலத்தால் பெருக்கக் கூடாது. புரொஜெக்டர் எப்போதும் 16:9 முழுச் சட்டத்தையே வீசுகிறது. 6 அடி உயரத்துக்கு அந்தச் சட்டத்தின் அகலம் 10 அடி 8 அங்குலம். எனவே தூரம் 16 அடி. தப்பாகக் கணக்குப் போட்டு 11 அடியில் மேசையைப் போட்டுவிட்டால், நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் முன்னால் நாற்காலிகளை எல்லாம் மறுபடி நகர்த்த வேண்டியிருக்கும். சட்டத்தின் ஓரங்கள் திரைக்கு வெளியே சுவரில் மங்கலாக விழும். வெள்ளைச் சுவர் என்றால் இரண்டு பக்கமும் கறுப்புத் துணி தொங்கவிடுங்கள்.

ஐம்பது அறுபது பேர் உட்காரும் இருட்டறைக்கு 3000 லூமன் புரொஜெக்டர் போதும். பிம்ப அமைப்பை 'சினிமா' என்று வையுங்கள். 'விவிட்', 'டைனமிக்' போன்றவை முகங்களைச் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுக்கவைக்கும், அதோடு நீலமும் ஏற்றும். ஒளியைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் காட்சிகளுக்கு நடுவே பேச்சை எழுத்தில் காட்டும் கறுப்பு அட்டைகள் வரும்போதெல்லாம் வெளிச்சம் துள்ளும். பெரிய தொலைக்காட்சியில் போடுவதானால் அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அணைக்க வேண்டும். அது சாப்ளினின் நடையை டிவி சீரியல் நடையாக்கிவிடும்.

முதல் வரிசை திரையிலிருந்து 10 அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். கடைசி வரிசை பிம்ப உயரத்தின் ஆறு மடங்கைத் தாண்டக் கூடாது. 6 அடி உயரத்துக்கு 36 அடி. அதற்கு அப்பால் உட்கார்ந்தவருக்கு சாப்ளின் கால் தடுக்கி விழுவது தெரியும், கண் நனைவது தெரியாது.

ஒலி

ஒலித்தடம் மோனோ. திரைக்கு நடுவில், கீழே, ஒரே ஒரு நல்ல ஸ்பீக்கர் வைத்தாலே போதும். இரண்டு வைத்தால் இரண்டுக்கும் ஒரே ஒலி போக வேண்டும். எதிரொலி, 'ஹால்', பேஸ் கூட்டல் எதுவும் வேண்டாம்.

லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து மிக்சருக்குப் போகும் ஒயரில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு கறுப்பு வளையம் உள்ள ஸ்டீரியோ பின்னை மிக்சரின் பேலன்ஸ்டு மோனோ துளையில் (இரண்டு கம்பிகளில் வருவதன் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும் துளை) அப்படியே செருகினால், இடது ஒலியும் வலது ஒலியும் ஒன்றிலிருந்து ஒன்று கழிந்துவிடும். புதுப் படம் என்றால் ஏதோ கொஞ்சம் மிஞ்சும். மோனோ படத்தில் இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால் இசை கிட்டத்தட்ட முழுவதும் மறைந்து, அடியில் இரைச்சல் மட்டும் கேட்கும். "பழைய படம், ஒலி இவ்வளவுதான்" என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஒரு முனையில் ஸ்டீரியோ பின், மறுமுனையில் இரண்டு தனித்தனி மோனோ பின் உள்ள ஒயரை வாங்கி, அதில் ஒன்றை மட்டும் செருகினால் தீர்ந்தது.

புளூடூத் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். ஒலி தாமதமாக வரும். வசனப் படத்தில் உதடு ஒத்துப்போகாதது எரிச்சல் தரும், அவ்வளவுதான். இங்கே நகைச்சுவையே போய்விடும். விருந்தில் நாடோடி விசிலை விழுங்கிவிடுகிறான். பாடகர் வாயைத் திறக்கும் நேரம் பார்த்து விக்கல் வந்து வயிற்றுக்குள்ளிருந்து விசில் ஊதுகிறது. வெளியே போனால் அந்தச் சத்தத்துக்கு டாக்சி வருகிறது, நாய்கள் வருகின்றன. விக்கலுக்கு உடல் குலுங்குவதும் விசிலும் ஒரே கணத்தில் விழ வேண்டும். அந்தக் காட்சியை வைத்தே ஒத்திசைவைச் சரிசெய்யுங்கள். விண்டோஸ் கணினியில் விஎல்சி பயன்படுத்தினால் ஜே, கே விசைகள் ஒலியை ஒவ்வொரு அழுத்தலுக்கும் 50 மில்லிவினாடி முன்னும் பின்னும் நகர்த்தும்.

ஒலி அளவை வெறும் அறையில் முடிவு செய்யாதீர்கள். மின்விசிறிகளை முழு வேகத்தில் ஓடவிட்டு, கடைசி வரிசையில் ஒருவரை உட்காரவைத்து, பூக்காரியின் மெட்டு தெளிவாகக் கேட்கும் அளவுக்கு வையுங்கள். பிறகு ஒரு சிட்டிகை கூட்டுங்கள், நிரம்பிய அரங்கம் ஒலியை உறிஞ்சும். படம் ஓடத் தொடங்கிய பிறகு தொடவே கூடாது. சிரிப்புச் சத்தத்துக்கு ஈடாகக் கூட்டினால், சிரிப்பு அடங்கும்போது இசை காதை அறையும்.

அட்டைகளுக்குத் தமிழ்

எழுத்து அட்டைகள் குறைவு, எளிய ஆங்கிலம்தான். ஆனாலும் குழந்தைகளும் முதியவர்களும் வருவார்கள் என்றால் தமிழ் தேவை. பக்கத்தில் நின்று உரக்கப் படித்துச் சொல்வது சுலபம்போலத் தோன்றும், ஆனால் அது இசையைக் கெடுக்கும். தமிழ் வரிகளை எஸ்ஆர்டி கோப்பாக (வரிகளும் அவை வரும் நேரமும் எழுதிய எளிய உரைக் கோப்பு) தயாரித்துக்கொள்ளுங்கள். யூடிஎஃப்-8 முறையில் சேமிக்காவிட்டால் திரையில் கட்டங்களும் கேள்விக்குறிகளும்தான் வரும். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது நிர்மலா. சில பிளேயர்களில் கொம்பும் காலும் இடம் மாறி 'கொ', 'கோ' சிதையும். நிகழ்ச்சிக்கு முந்தின நாள், அன்றைக்குப் பயன்படுத்தப் போகும் அதே கணினியில் ஓட்டிப் பாருங்கள்.

வினாடிக்கு இரண்டு சொல் என்று கணக்கு வையுங்கள். அட்டை நான்கு வினாடி நின்றால் எட்டுச் சொல்லுக்கு மேல் போகாதீர்கள். தமிழ் வரி அட்டையோடு வந்து அட்டையோடு போய்விட வேண்டும். அரை வினாடி அதிகம் நின்றால் அடுத்த காட்சியின் கீழ்ப்பகுதியில் எழுத்து கிடக்கும், அங்கேதான் கைகள் இருக்கின்றன.

கடைசிக் காட்சியின் மூன்று வரிகளுக்குச் சிக்கனம் போதும். "நீங்களா?", "இப்போது கண் தெரிகிறதா?", "தெரிகிறது." முன்பு பூக்காரி நாடோடியைப் பணக்காரன் என்று நம்பி மரியாதையோடுதான் பேசியிருப்பாள். எனவே படம் முழுக்க ஒரே மரியாதை வடிவத்தை வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மாற்றாதீர்கள்.

முன்னுரை ஐந்து நிமிடம்

சாப்ளின் லண்டனில் பிறந்து வறுமையில் வளர்ந்த வரலாற்றை எல்லாம் படத்துக்கு முன்னால் சொல்ல வேண்டாம். மூன்று விஷயம் போதும். பேசும்படம் வந்த பிறகும் பிடிவாதமாக எடுத்த படம் என்பது ஒன்று. பணக்காரர் குடித்திருக்கும்போது மட்டும் நாடோடியை நண்பனாக அறிவார், தெளிந்தால் யாரென்றே தெரியாது என்பது இன்னொன்று. இதைத் தவறவிட்டவர்கள் நடுவில் குழம்புவார்கள்.

மூன்றாவது, கார்க் கதவு. நெரிசலில் போலீஸ்காரரைத் தவிர்க்க நாடோடி நின்றிருக்கும் ஒரு பெரிய காரின் ஒரு பக்கக் கதவில் ஏறி மறுபக்கம் இறங்குகிறான். பார்வையில்லாத பூக்காரிக்குக் கதவு மூடும் சத்தம் மட்டும் கேட்கிறது. இறங்கியவர் கனவான் என்று நினைக்கிறாள். மீதிச் சில்லறை கொடுப்பதற்குள் உண்மையான சொந்தக்காரர் வந்து ஏறிப் போக, சில்லறையை விட்டுவிட்டுப் போன தாராள மனசுக்காரர் என்று நம்புகிறாள். மொத்தக் காதலும் இந்த ஒரு தவறான புரிதலின் மேல் நிற்கிறது. ஒரு சத்தத்தை வசனமில்லாமல் கண்ணால் புரியவைப்பது எப்படி என்று தெரியாமல் சாப்ளின் மாதக்கணக்கில் மல்லாடினார். கின்னஸ் பதிவு இந்தக் காட்சிக்கு 342 டேக் என்கிறது. பூக்காரியாக நடித்த வர்ஜீனியா செரிலை நடுவில் நீக்கி, மறுபடி அழைத்துக்கொண்டார். எடுக்கப்பட்ட விதத்தைச் சொல்லலாம், முடிவு பற்றி ஒரு சொல்லும் கூடாது.

பள்ளியில் போடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பணக்காரரின் தற்கொலை முயற்சி படத்தில் வேடிக்கையாகவே வருகிறது. குத்துச்சண்டை உடைமாற்று அறையில் ஒரு கறுப்பின வீரரை வைத்து மூடநம்பிக்கைக் கிண்டலும் உண்டு. முன்கூட்டியே பார்த்துவிட்டு, மாணவர்களோடு எப்படிப் பேசுவது என்று ஆசிரியர் முடிவு செய்துகொள்வது நல்லது.

ஓட்டும் நேரம்

கூட்டம் குறைவாக வந்தால் பின்வரிசைகளைக் கயிறு கட்டி அடைத்துவிட்டு எல்லோரையும் நடுவில் நெருக்கமாக உட்காரவையுங்கள். பெரிய அரங்கில் முப்பது பேர் சிதறி உட்கார்ந்தால் ஒருவர் சிரிப்பது மற்றவருக்குக் கேட்காது, ஒவ்வொருவரும் தனியாக வாய்க்குள் சிரித்துக்கொள்வார்கள்.

இடைவேளை விடாதீர்கள். முதல் காட்சியின்போதே இதற்குப் பாடம் கிடைத்துவிட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் தியேட்டரில், ஐன்ஸ்டீனும் அமர்ந்திருந்த அந்தக் காட்சியில், படத்தை நடுவில் நிறுத்திப் புதுக் கட்டடத்தின் வசதிகளைப் புகழ்ந்து அறிவிப்புச் செய்தார்கள். கூட்டம் கூச்சல் போட்டது, சாப்ளின் கொதித்துப்போனார். வகுப்பு நேரத்தால் பிரித்தே ஆக வேண்டும் என்றால், பணக்காரர் ஐரோப்பாவுக்குப் புறப்பட்ட பிறகு, நாடோடி தெருக்கூட்டும் வேலைக்கு வருவதற்கு முன் நிறுத்துங்கள். அது பாதியை ஒட்டி வரும், கதையும் அங்கே மூச்சு விடுகிறது. குத்துச்சண்டைக்குப் பிறகு எங்கேயும் நிறுத்தக் கூடாது. வாடகை பாக்கிக்குப் பணம் தேடும் ஓட்டம் அங்கிருந்து சிறைவரை ஒரே இழுப்பாகப் போகிறது.

கடைசிக் காட்சிக்கு முன்னால் விளக்குப் பொத்தான் அருகே ஒரு ஆளை நிறுத்தி, என்ன செய்யக் கூடாது என்று சொல்லிவையுங்கள். பத்திரிகை விற்கும் பையன்கள் கேலி செய்ய, கிழிந்த உடையில் நாடோடி வருகிறான். பார்வை கிடைத்து, கடை வைத்து, கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண் அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். இரக்கப்பட்டு ஒரு பூவும் நாணயமும் கொடுக்க வெளியே வருகிறாள். நாணயத்தை அவன் கையில் வைத்து மூடும்போது விரல்கள் நின்றுவிடுகின்றன. கண் அறியாததைக் கை அறிகிறது. அவள் கை அவன் கையிலிருந்து கோட்டு வரை மெல்ல மேலே போகிறது. எடிட்டிங் பிழை தேடுகிறவர்கள் இந்த இடத்தில் இரண்டு கோணங்களையும் ஒப்பிடலாம். அவன் பிடித்திருக்கும் பூ ஒரே உயரத்தில் இருக்காது. 342 டேக் எடுத்த மனிதர் அதைக் கவனிக்காமல் இருந்திருப்பார் என்று நம்புவது கடினம். முகம் சரியாக வந்த ஷாட்டை வைத்துக்கொண்டார் என்றே தோன்றுகிறது.

அவர்கள் சேர்ந்தார்களா என்று படம் சொல்வதில்லை. அவன் முகத்தில் படம் மெல்ல இருண்டு முடிகிறது, இசை முடியும் வரை இருட்டு நிற்கிறது. அந்தச் சில வினாடிகளில் யாராவது ட்யூப்லைட்டைப் போட்டால் இதுவரை செய்த அத்தனை வேலையும் போச்சு. இசை நின்ற பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். வெள்ளை ட்யூப்லைட்டை விட்டு, பின்பக்கத்து மஞ்சள் விளக்கு ஒன்றை முதலில் போடுங்கள்.

பிறகு பேச்சு நடத்துவதானால் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். '1999இல் வந்த 'துள்ளாத மனமும் துள்ளும்' இதிலிருந்துதானே' என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். ஆமாம், அதற்கு முன்பே 1954இல் ஜெமினி எடுத்த 'ராஜி என் கண்மணி'யும் இந்தக் கதையைத் தழுவியதே. இரண்டிலும் எதை வைத்துக்கொண்டார்கள், எதை மாற்றினார்கள் என்று கூட்டத்தையே கேளுங்கள், கடைசிக் காட்சியில் தொடங்கி.